உயர்த்திய வண்டி உலுக்கினால்

தாரோ ஜிம்னியோ பழைய ஜிப்ஸியோ, சஸ்பென்ஷனை இரண்டு அங்குலம் உயர்த்திக்கொண்டு பட்டறையை விட்டுக் கிளம்பிய அன்றே சிலருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. வேகத்தடை ஏறி இறங்கினால் முதுகுத்தண்டில் அடிக்கிறது. பேவர் பிளாக் பதித்த தெருவில் டேஷ்போர்டு முழுக்க நடுங்குகிறது. அடியில் எங்கிருந்தோ ‘டொக்’ என்று ஒரு சத்தம். திரும்பிப் போய்க் கேட்டால், “லிஃப்ட் பண்ணினா அப்படித்தான் சார் இருக்கும். ஒரு ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், செட் ஆயிடும்” என்று பதில் வருகிறது.

அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். புது ஸ்பிரிங் சில மில்லிமீட்டர் அமரும் என்பது உண்மை. ஆனால் முறுக்கிக்கொண்ட புஷ், நீளம் போதாத ஷாக், தளர்ந்த நட்டு இவையெல்லாம் ஓட ஓடச் சரியாவதில்லை. ஓட ஓடக் கெடுகின்றன. ஒழுங்காக உயர்த்திய வண்டி முன்பைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம், வளைவில் கொஞ்சம் கூடுதலாகச் சாயலாம். உலுக்கவும் கூடாது, சத்தம் போடவும் கூடாது.

குலுக்கலும் சத்தமும் ஒரே நாளில் வந்ததால் இரண்டுக்கும் ஒரே காரணம் என்று நினைத்துவிடுவது இயல்பு. அங்கேதான் காசு வீணாகத் தொடங்குகிறது. சக்கரம் மேலும் கீழும் போக இடமில்லாதபோது, அல்லது இடமிருந்தும் தாராளமாக அசைய முடியாதபோது குலுக்கல் வருகிறது. இறுக்கமாக இருக்க வேண்டிய ஒன்று தளர்ந்திருந்தால், அல்லது ஒன்றையொன்று தொடக் கூடாத இரண்டு தொட்டுக்கொண்டால் சத்தம் வருகிறது. இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள். குலுக்கலை முதலில் எடுத்துக்கொள்வோம்.

எதையும் கழற்றும் முன்

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சோதனைப் பாதையைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதில் ஒரு வேகத்தடை, விளிம்பு கூர்மையான ஒரு பள்ளம், சிறு சிறு மேடுபள்ளம் உள்ள ஒரு தெரு, நேரான நல்ல சாலை கொஞ்சம், இவ்வளவும் இருந்தால் போதும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே பாதையில், இதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். எங்கே அடித்தது, ஏறும்போதா இறங்கும்போதா, முன்னாலா பின்னாலா, இடமா வலமா என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். “ரஃபா இருக்கு” என்று மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னால் அவர் ஊகிக்கத்தான் முடியும். “இடது முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஒரே ஒரு டொக், ஏறும்போது ஒன்றுமில்லை” என்று சொன்னால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது காற்று. சஸ்பென்ஷனை உயர்த்தும்போது பெரும்பாலானவர்கள் டயரையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். பெரிய ஆல்-டெரெய்ன் அல்லது மட்-டெரெய்ன் டயருக்குப் பக்கச்சுவர் தடிமன். அதிலேயே ஒரு விறைப்பு உண்டு. பெட்ரோல் பங்கில் ‘பெரிய டயர்தானே’ என்று கூடுதலாக அடித்துவிட்டால், ஸ்பிரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் குலுங்கத்தான் செய்யும். டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில், நம்பகமான கேஜ் வைத்து நான்கையும் அளந்து பாருங்கள். பழைய டயர் அளவு என்றால் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அழுத்தம்தான் கணக்கு. அளவு மாறியிருந்தால் டயர் கம்பெனியின் சுமை அட்டவணையைப் பார்த்து, அது அனுமதிக்கும் எல்லைக்குள் 2 பிஎஸ்ஐ அளவில் குறைத்துக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். பழைய சக்கரங்கள் கைவசம் இருந்தால் இன்னும் நல்லது. அவற்றை மாட்டி ஒரு நாள் ஓட்டினால் குற்றம் டயர் மேலா சஸ்பென்ஷன் மேலா என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும்.

ஸ்பிரிங் வண்டிக்குப் பொருந்துகிறதா என்பதைக் கண்டுபிடிக்க அரிசி மூட்டை போதும். லிஃப்ட் கிட்டில் வரும் ஸ்பிரிங்குகள் பலவும் இரும்பு பம்பர், வின்ச், கூரைக் கேரியர், பின்னால் முழுச் சுமை இவற்றையெல்லாம் தாங்குவதற்கென்று செய்தவை. அவற்றைக் காலி வண்டியில் மாட்டினால் ஸ்பிரிங் அமுங்குவதே இல்லை. 25 கிலோ மூட்டை நான்கை எடுத்துப் பின்பக்கம் உருளாதபடி கட்டி, அதே பாதையில் ஓட்டிப் பாருங்கள். வண்டி சட்டென்று பதமாக ஓடினால் ஸ்பிரிங் உங்கள் சுமைக்கு மீறியது என்று பொருள். அதற்கு மருந்து உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங்தான், ஷாக் அல்ல. கடையில் ஸ்பிரிங் கேட்கும்போது எத்தனை அங்குலம் என்பதோடு முன்னால் எத்தனை கிலோ கூட்டியிருக்கிறோம், பின்னால் வழக்கமாக எத்தனை கிலோ ஏற்றுவோம் என்பதையும் சொல்லுங்கள்.

சக்கரத்துக்கு இடம் இருக்கிறதா

உயரத்தை எங்கே கூட்டினீர்களோ, ஓட்டத்தை அங்கே எங்கோ விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். ஓட்டம் என்று நான் சொல்வது, சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையிலிருந்து முழுதாக அமுங்கும் நிலைவரை நகரும் தூரத்தை.

கணக்காகவே பார்ப்போம். ஒரு வண்டியின் முன் சக்கரத்துக்கு மொத்த ஓட்டம் 200 மில்லிமீட்டர் என்று வையுங்கள். நின்ற நிலையில் மேலே போக 110, கீழே தொங்க 90. ஷாக்கை மாற்றாமல் ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தி வண்டியை 50 மில்லிமீட்டர் தூக்கினால் மேலே 160, கீழே 40 ஆகிவிடும். இப்போது 40 மில்லிமீட்டரைவிட ஆழமான எந்தப் பள்ளத்திலும் சக்கரம் இறங்க முடியாது; ஷாக் முழுநீளமும் நீண்டு அங்கேயே இழுத்துப் பிடித்து நிற்கும். வண்டியின் மூக்கு அதோடு சேர்ந்து விழும். பள்ளத்தில் இறங்கும்போது கேட்கும் அந்த ஒற்றை ‘டொக்’ பல வண்டிகளில் இதுதான். மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்பது நல்ல அளவுகோல்.

2020க்கு முந்தைய தார்கள் பலவற்றின் முன்பக்கம் டார்ஷன் பார் உள்ளது. அதன் போல்ட்டை முறுக்கினாலே வண்டி உயர்ந்துவிடும். செலவில்லாத லிஃப்ட் என்று பலரும் அதைச் செய்கிறார்கள். பாரை முறுக்கியதால் அது விறைத்துவிட்டது, அதனால்தான் அடிக்கிறது என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. அது சரியல்ல. பாரின் விறைப்பு அதன் தடிமனையும் நீளத்தையும் பொறுத்தது. போல்ட்டை முறுக்கினால் உயரம்தான் மாறும். குலுக்கல் வருவது வேறு இடத்திலிருந்து. மேல் ஆர்ம் கீழே இறங்கி, தொங்கல் தடுப்பு ரப்பரை நின்ற நிலையிலேயே தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது தொடும் தூரத்தில் இருக்கும். டார்ச் அடித்து அந்த இடைவெளியைப் பாருங்கள். விரல் நுழையவில்லை என்றால் போல்ட்டைத் திருப்பி வண்டியைக் கொஞ்சம் இறக்குங்கள். இரு பக்கமும் ஒரே அளவு இறக்கி, வீல் அலைன்மென்ட் பார்த்து, ஓட்டிப் பாருங்கள். அரை அங்குலம் இறக்கியதிலேயே வண்டி வேறு வண்டியாகிவிடும்.

2020க்குப் பின் வந்த தாரில் முன்பக்கம் டபுள் விஷ்போன். அதில் ஸ்பேசர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஸ்பிரிங்குக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே இருந்தால் மேலே சொன்ன அதே கதைதான், கீழ்நோக்கிய ஓட்டம் குறையும். ஷாக்கின் தலைக்கு மேல், பாடிக்கும் அதற்கும் நடுவே இருந்தால் ஷாக்கின் ஓட்டம் அப்படியே இருக்கும். ஆனால் ஆர்ம்கள் முன்பைவிடக் கீழே தொங்கும். அப்போது பால் ஜாயின்ட் கோணம் மீறிப் பிடித்துக்கொள்ளலாம், மேல் ஆர்ம் ஸ்பிரிங்கைத் தொடலாம். இரண்டுமே சத்தம் தரும், பால் ஜாயின்ட்டையும் தின்றுவிடும். வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஆக்சில் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் தொங்கும்போது ஆர்மும் ஸ்பிரிங்கும் உரசிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

ஓட்டத்தை அளக்க ஒரு கேபிள் டை போதும். ஷாக்கின் பளபளப்பான தண்டு வெளியே தெரிந்தால், அதில் ஒரு டையை உடம்பை ஒட்டிச் சுற்றி, கையால் தள்ளினால் நகரும் அளவுக்கு இறுக்குங்கள். தண்டு மூடியிருக்கும் ஷாக் என்றால் பம்ப் ஸ்டாப் ரப்பரின் முகத்தில் கிரீஸ் தடவிவிடலாம். சோதனைப் பாதையில் ஒரு முறை ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். தண்டு உள்ளே போகும்போது டை மேலே தள்ளப்பட்டு, அதிகபட்சம் எதுவரை அமுங்கியதோ அங்கேயே நின்றிருக்கும்.

டை எல்லைவரை போயிருந்தால், அல்லது கிரீஸ் நசுங்கியிருந்தால், சஸ்பென்ஷன் அடித்தளத்தைத் தொடுகிறது: ஸ்பிரிங் மெலிது, அல்லது ஷாக் நீளம் தவறு, அல்லது நீளமான ஷாக்குக்கு ஏற்றபடி பம்ப் ஸ்டாப்பை இறக்கவில்லை. மாறாக, உங்கள் பல் அதிரும் அளவுக்கு வேகத்தடை அடித்தும் டை இரண்டு விரற்கடைகூட நகரவில்லை என்றால், சஸ்பென்ஷன் வேலையே செய்யவில்லை: ஸ்பிரிங் மிக விறைப்பு, ஷாக் மிக இறுக்கம், அல்லது புஷ்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஓட்டுபவருக்கு இரண்டும் ஒரே மாதிரி ‘அடி’யாகத்தான் தெரியும். மருந்தோ நேர் எதிர். இதைப் பார்க்காமல் ஷாக் வாங்கப் போகிறவர் பாதி நேரம் நோயைக் கூட்டுகிற ஷாக்கையே வாங்கி வருவார்.

டயல் உள்ள ஷாக் என்றால் எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். கடையிலிருந்து வந்தபடியே முழு இறுக்கத்தில் கிடக்கும் வண்டிகள் உண்டு. ஜிம்னி போன்ற வண்டிகளில் புது ஸ்பிரிங்கோடு பழைய ஷாக்கையே விட்டுவிடுவதும் நடக்கிறது. அப்போது வேகத்தடை தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை துள்ளும். தொங்கும் ஒவ்வொரு முறையும் ஆக்சிலின் எடையை ஷாக்கே இழுத்துப் பிடிக்கும். அந்த வேலைக்காக அது செய்யப்படவில்லை.

முறுக்கிக்கொண்ட புஷ்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

ஆர்ம்களின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷுக்கு வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஓர் இரும்புக் குழல், நடுவே இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள் குழல் பிராக்கெட்டோடு பிடித்துக்கொள்ளும். ஆர்ம் அசையும்போது சுழல்வது எதுவும் இல்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொடுத்துத் திரும்புகிறது. வண்டி நின்ற உயரத்தில் போல்ட்டை இறுக்கினால் ரப்பர் முறுக்கில்லாமல் இருக்கும். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று சிரமமில்லாமல் கொடுக்கும்.

இரண்டு தூண் லிஃப்ட்டில் வண்டியை ஏற்றி, சக்கரம் நான்கும் தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் இம்பாக்ட் கன்னால் இறுக்கிவிட்டுக் கீழே இறக்கினால் என்ன ஆகும்? வண்டி தரையில் உட்காரும் நேரத்திலேயே ரப்பர் அத்தனையும் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். அதன்பிறகு ஒவ்வொரு மேட்டிலும் ஸ்பிரிங்கோடு சேர்ந்து புஷ்களும் எதிர்க்கும். சிறு கல்லில் ஏறினாலும் அடிக்கும். சில மாதங்களில் ரப்பர் கிழிந்து, அப்போது சத்தமும் சேர்ந்துகொள்ளும். கிட் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் இதிலிருந்து தப்பாது.

சரிசெய்யச் செலவே இல்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஹப்பின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும் நிலையிலேயே, கீழ் ஆர்ம், மேல் ஆர்ம், ட்ரெய்லிங் ஆர்ம், பேன்ஹார்டு ராடு, ஷாக்கின் கீழ்க்கண் என்று ரப்பர் புஷ் உள்ள எல்லா போல்ட்டையும் ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். சில போல்ட்டுகள் தளரும் கணத்தில் ‘டக்’ என்று ஓர் ஒலி வரும், ஸ்பானர் கைக்குள்ளேயே அதிரும். சிக்கியிருந்த முறுக்கு விடுபடுவது அது. பிறகு இருவர் பம்பரைப் பிடித்து முன்னும் பின்னும் நன்றாக அமுக்கி விடுங்கள். முட்டுகளை எடுத்துவிட்டு வண்டியை ஓரிரு அடி கையால் தள்ளி நிறுத்துங்கள். மறுபடி அளந்தால் வண்டி சில மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். அந்த உயரம் புஷ்கள் தூக்கிப் பிடித்திருந்தது. இப்போது கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். அடியில் நுழைய இடம் போதாது என்றால் குழி உள்ள பட்டறை, அல்லது சக்கரங்கள் பலகைமேல் நிற்கும் நான்கு தூண் லிஃப்ட் வேண்டும்.

லிஃப்ட் செய்யக் கொடுக்கும்போதே, “அண்ணே, கடைசி டைட்டு வண்டியைத் தரையில் இறக்கிட்டுத்தான் வைக்கணும்” என்று சொல்லிவிடுங்கள். நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். பாலியூரித்தேன் புஷ் போட்டிருந்தால் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அது குழலைச் சுற்றி வழுக்கித் திரும்பும். ஆனால் அதற்குரிய கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். இயல்பிலேயே கொஞ்சம் விறைப்பும் கூடுதல்.

பட்டை ஸ்பிரிங் வண்டிகள்

ஜிப்ஸியில் நான்கு பக்கமும், பழைய தார், பொலீரோ இரண்டிலும் பின்பக்கமும் பட்டை ஸ்பிரிங். பட்டை அமுங்கும்போது நிமிரும், நிமிர்ந்தால் நீளும். அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பது ஷேக்கிள். வண்டி நிற்கும்போது ஷேக்கிளின் கீழ்முனை ஆக்சிலைவிட்டு விலகி வெளிப்புறம் சாய்ந்திருக்க வேண்டும். வளைவு அதிகமான லிஃப்ட் பட்டையைப் போட்டதும் இரண்டு கண்களுக்கும் நடுவே தூரம் குறைந்து, ஷேக்கிள் செங்குத்தாகவோ உட்புறம் சாய்ந்தோ நின்றுவிடும். அப்போது சக்கரத்தில் விழும் அடி, ஷேக்கிளை மடக்குவதற்குப் பதில் நேராக சேஸிஸில் ஏறும். ஜிப்ஸிக்காரர்களின் குலுக்கல் புகார் பலவற்றுக்கும் விடை இந்த ஒரு பார்வையில் கிடைத்துவிடும். ஷேக்கிளின் நீளத்தை மாற்றியோ, பட்டையின் வளைவைக் குறைத்தோ சரிசெய்யலாம். மறுகோடிக்குப் போய், மிக அதிகமாக வெளியே சாய்ந்திருந்தால் அமுங்கும்போது சேஸிஸில் இடிக்கும்; பெயின்ட் உரிந்த தடம் அங்கே தெரியும்.

கூடுதலாக ஒரு பட்டை செருகி உயர்த்தியிருந்தால் அது குட்டையா நீளமா என்று பாருங்கள். நடுவில் மட்டும் இருக்கும் குட்டைப் பட்டை அந்த இடத்தையே கட்டையாக்கிவிடும். நீளமானது எவ்வளவோ தேவலை. பட்டைகளைப் பிடித்திருக்கும் கிளாம்ப்புகள் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க விட வேண்டும், நெரிக்கக் கூடாது. கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், புதிது வாங்குங்கள். 500 கிலோமீட்டருக்குள் ஒரு முறை கட்டாயம் மறு டைட்டு வைக்க வேண்டும். தளர்ந்த யூ போல்ட்டில் ஓடினால் நடு போல்ட் உடைந்து ஆக்சிலே நகர்ந்துவிடும்.

சத்தத்தைத் துரத்துவது

சத்தம் பொய் சொல்லும். முன்னால் அடிப்பது பின்னால் கேட்கும். அதனால் காதை நம்பும் முன் கையையும் கண்ணையும் நம்புங்கள். இன்ஜின் ஓட, வண்டி அசையாமல் நிற்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சின்னச் சின்னதாக ஆட்டட்டும். மற்றவர் வெளியே குனிந்து, எட்டும் இணைப்புகள் ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்துப் பார்க்கட்டும். ஆட்டம் உள்ள இணைப்பில் அந்தத் தட்டு விரலிலேயே தெரியும். ஜிம்னியிலும் ஜிப்ஸியிலும் உள்ள முழு ஆக்சிலுக்கு இந்தச் சோதனை மிக நன்றாக வேலை செய்யும். ஜிம்னியில் முதல் சந்தேகம் பேன்ஹார்டு ராடின் போல்ட் மீதுதான். அது தளர்ந்து ஓடினால் துளையே நீள்வட்டமாகிவிடும். ஜிப்ஸியில் ஸ்டீயரிங் முனைகளும் பட்டையின் கண் புஷ்களும்.

மெதுவாகப் போகும்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் கல்லில் ஏறினால் ‘டொக் டொக்’ என்று கேட்கிறதா? ஸ்டெபிலைசர் லிங்க்கைப் பாருங்கள். உயர்த்திய பிறகு அதன் கோணம் மாறி, பால் ஜாயின்ட் எல்லையில் நிற்கும், அல்லது பார் வேறெதையாவது தொடும். இரு பக்க லிங்க்கையும் கழற்றி, பாரைக் கம்பியால் மேலே கட்டிவிட்டு, காலி மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டது. சாலையில் அப்படி ஓட்டாதீர்கள்.

இரு சக்கரமும் சேர்ந்து ஏறும்போதும் அதே சத்தம் என்றால் ஷாக்கின் மேல் நட்டு. லிஃப்ட்டுக்குப் பின் வரும் சத்தங்களில் இதைவிடச் சாதாரணமானது இல்லை. இறுக்கும்போது தண்டும் சேர்ந்து சுற்றுவதால் முழு டைட்டு ஏறியிருக்காது. தண்டின் நுனியை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். ரப்பர் வாஷர் வகை என்றால் அது பிதுங்கி நசுங்கும்வரை இறுக்கிவிடவும் கூடாது.

‘டங்’ என்று சுருள் ஸ்பிரிங் துள்ளுவது போலக் கேட்டால், ஸ்பிரிங்கின் நுனி அதற்குரிய பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா, மேலும் கீழும் ரப்பர் இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள். டஸ்டர் போன்ற ஸ்ட்ரட் வகை வண்டியில் இது ஸ்டீயரிங் திருப்பும்போதே கேட்கும், ஏனென்றால் அங்கே ஸ்பிரிங்கும் சேர்ந்து திரும்புகிறது. கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஒரே ஒரு ‘கடக்’ என்றால் ஆர்ம் போல்ட், யூ போல்ட், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ். முழுத் திருப்பத்தில் முன்னாலிருந்து ‘டக் டக் டக்’ என்றால் சிவி ஜாயின்ட். கிறீச்சிடுவது பெரும்பாலும் புஷ். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு புஷ்ஷாகத் தெளித்துக்கொண்டே வண்டியை அமுக்குங்கள், எதில் தெளித்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுதான். வேகத்தோடு கூடும் ‘ஊ’ என்ற இரைச்சல் மட்-டெரெய்ன் டயரின் இயல்பு. அது வளைவில் கூடிக் குறைந்தால் வீல் பேரிங்கைப் பாருங்கள்.

எல்லாம் இறுக்கிய பிறகு, ஒவ்வொரு நட்டின் மேலும் பெயின்ட் பேனாவால் நட்டிலிருந்து பிராக்கெட்வரை ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த மாதம் கோடு உடைந்திருந்தால் அந்த நட்டு நகர்ந்திருக்கிறது.

அதிர்வு என்றால் ஷாஃப்ட்டைப் பாருங்கள்

சாலை நன்றாக இருக்கும்போதும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தரை அதிர்ந்தால் அது சஸ்பென்ஷன் குலுக்கல் அல்ல. அந்த வேகத்தில் கிளட்ச்சை மிதியுங்கள். இன்ஜின் சுற்று இறங்கியும் அதிர்வு நீடித்தால் சக்கரமோ ஷாஃப்ட்டோ காரணம். வீல் பேலன்ஸை முதலில் முடித்துவிடுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கூடி விட்டதும் குறைந்தால் ஷாஃப்ட்டின் கோணம்தான்.

கோணத்தில் சுற்றும் கிராஸ், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். ஷாஃப்ட்டின் இரு முனையிலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்றத்தை மற்றது அழித்துவிடும். லிஃப்ட் அந்தச் சமத்தைக் குலைக்கிறது. ஜிப்ஸியின் வீல்பேஸ் 2,375 மில்லிமீட்டர், தாரின் மூன்று கதவு வண்டியில் 2,450, ஐந்து கதவு ஜிம்னியில் 2,590. வண்டி குட்டையானால் ஷாஃப்ட்டும் குட்டை. அதே இரண்டு அங்குலம் அங்கே அதிகக் கோணமாகிறது. கியர்பாக்ஸ் பக்க ஃபிளாஞ்சிலும் ஆக்சில் ஹவுசிங் பக்க ஃபிளாஞ்சிலும் செல்போனை ஒட்டவைத்துக் கோணம் அளக்கலாம். இரு முனையிலும் ஒற்றைக் கிராஸ் உள்ள ஷாஃப்ட்டில் இரண்டு ஃபிளாஞ்சுகளும் இணையாக இருக்க வேண்டும். பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஆப்பு வைத்து ஹவுசிங்கைத் திருப்பலாம். சுருள் ஸ்பிரிங் வண்டியில் நீளம் மாற்றக்கூடிய ஆர்ம் வேண்டும்.

முழு ஆக்சில் வண்டியில் ஒரு பள்ளத்தைத் தாண்டியதும் ஸ்டீயரிங் கட்டுப்பாடில்லாமல் உதறினால், காஸ்டர் கோணம் குறைந்திருப்பதும் இணைப்புகளில் ஆட்டம் இருப்பதும் சேர்ந்து செய்யும் வேலை அது. இதற்கு ஸ்டீயரிங் டேம்பரை மாட்டிக் கொடுப்பார்கள். உதறல் மறையும், காரணம் அப்படியே இருக்கும். காஸ்டரைச் சரிசெய்யாமல் அதை வாங்காதீர்கள்.

ஓட்டக் கூடாத வண்டி

சக்கரம் முழுதாகத் தொங்கி, ஸ்டீயரிங் ஒரு பக்கம் முழுதாகத் திரும்பியிருக்கும்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் விறைத்து நின்றால், சரிசெய்யும்வரை அந்த வண்டியை எடுக்காதீர்கள். சில வண்டிகளில் பின் ஆக்சிலோடு இணைந்த ஒரு வால்வு, சுமையைப் பொறுத்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும். பாடி உயர்ந்ததும் வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதன் இணைப்பையும் உயர்த்தியாக வேண்டும். ஹெட்லைட்டை இறக்கிச் சரிசெய்யுங்கள், எதிரே வருபவரின் கண்ணும் உங்கள் பொறுப்பு.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றுவதற்கு எல்லை வகுக்கிறது. தயாரிப்பாளரின் மூல வடிவத்துக்கு முரணாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவில் இடமிருக்கிறது. ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிட்டே கை வையுங்கள்.

இங்கே சொன்ன வரிசையில் எல்லாம் பார்த்தும் குலுக்கல் தீரவில்லை என்றால், உயரத்தைக் குறைப்பதே சரியான வைத்தியம். தினமும் வேலைக்கும் பள்ளிக்கும் போகும் வண்டியை 50 மில்லிமீட்டருக்கு மேல் உயர்த்த நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. முன்பக்கம் டார்ஷன் பார் உள்ள வண்டிக்கு அதுவும் அதிகம். ஆகவே கழற்றிய ஸ்பிரிங், ஷாக், லிங்க், போல்ட் அத்தனையையும் துடைத்து, இடது வலது எழுதி ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.